விசா மட்டும் போதுமா? கனடா வாசலில் மாணவருக்கு ஒரு சோதனை!

கனடாவுக்குப் படிக்கப் போகும் மாணவர் கையில் பாஸ்போர்ட் இருக்கிறது. அதில் விசா ஒட்டப்பட்டு இருக்கிறது. விமான டிக்கெட்டும் தயார்.

இனி என்ன கவலை?

ஒரு கவலை உண்டு! படிப்பதற்கான அனுமதிச் சீட்டு இன்னும் அவர் கைக்கு வரவில்லை. கனடா போய் இறங்கிய பிறகுதான் அது கிடைக்கும். அதைக் கொடுப்பவர், எல்லையில் இருக்கும் அதிகாரி.

பாலத்தைக் கடந்தால் போதும்

கனடாவின் பக்கத்து நாடு அமெரிக்கா. நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே ஒரு பாலம் இருக்கிறது. அதன் பெயர் வானவில் பாலம். 1941-ம் ஆண்டு திறக்கப்பட்டது. பாலத்தின் ஒரு முனை அமெரிக்கா. மறு முனை கனடா.

அமெரிக்கக் குடிமக்கள் இந்தப் பாலத்தைக் கடந்து வந்து, கனடா எல்லையிலேயே மாணவர் அனுமதிக்கு மனுப் போடலாம். கட்டணம் 150 கனடா டாலர். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை பெற்றவர்களுக்கும், கிரீன்லாந்துவாசிகளுக்கும் இந்தச் சலுகை உண்டு.

நம்மவர் என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. புறப்படும் முன்பே மனுப் போட்டாக வேண்டும். கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் வேண்டும். பணத்துக்கு அத்தாட்சியும் வேண்டும்.

எவ்வளவு பணம்? தனியாகப் போகும் மாணவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் விதிக்கப்பட்டது. கல்லூரிச் சம்பளமும் பயணச் செலவும் தனி! கியூபெக் மாகாணத்துக்கு மட்டும் கணக்கு வேறு.

மனு ஏற்கப்பட்டால் ஒரு அறிமுகக் கடிதம் வரும். இதையே அனுமதிச் சீட்டு என்று சிலர் நினைத்து விடுகிறார்கள். அது தவறு. இந்தக் கடிதத்தை எல்லையில் காட்டினால்தான் சீட்டு கிடைக்கும்.

அதிகாரியின் கேள்விகள்

டொரண்டோ போன்ற விமான நிலையத்தில் இறங்கியதும் அதிகாரி விசாரிப்பார். எந்தக் கல்லூரி? என்ன படிப்பு? செலவுக்குப் பணம் தருவது யார்? உள்ளதை உள்ளபடி சொன்னால் பயம் இல்லை.

கடிதங்களைப் பெரிய பெட்டியில் போட்டுவிடக் கூடாது. கைப்பையில் வைத்திருக்க வேண்டும். 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ கொண்டு போனால், அதை அதிகாரியிடம் சொல்லியே தீர வேண்டும்.

சீட்டு கைக்கு வந்ததும் ஓடிவிடக் கூடாது! அங்கேயே நின்று படிக்க வேண்டும். பெயர் சரியா? பிறந்த தேதி சரியா? கல்லூரியின் பெயர் சரியா? எந்தத் தேதி வரை செல்லும்? பிழை இருந்தால் உடனே சொல்லித் திருத்திக்கொள்வது நல்லது.

வேலை பார்க்கலாம் என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படிப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது 2024 நவம்பரில் வந்த விதி.

போலிக் கடிதம்!

2023-ம் ஆண்டு ஒரு பரபரப்பு எழுந்தது. இந்திய மாணவர் பலர் கொண்டு போன கல்லூரிக் கடிதங்கள் போலி என்று தெரிய வந்தது. ஏஜெண்டை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள். எல்லையைத் தாண்டி, கனடாவில் சில ஆண்டுகள் வாழ்ந்த பிறகு குட்டு வெளிப்பட்டது. நாடு கடத்தப்படும் ஆபத்து வந்தது. தெரியாமல் ஏமாந்தவர்களை உடனே வெளியேற்றுவதில்லை என்று கனடா அரசு அந்த ஜூன் மாதம் அறிவித்தது.

2023 டிசம்பர் முதல், ஒவ்வொரு கடிதமும் உண்மையா என்று கல்லூரியிடமே கேட்கும் முறை வந்தது.

அரசு கேட்கும் முன்பு பெற்றோரே கேட்டுவிடலாமே! "எங்கள் பிள்ளைக்கு இடம் கொடுத்தது உண்மையா?" என்று கல்லூரிக்கு நேராக எழுதிக் கேட்டால் போதும். நிலத்தை விற்றுப் பணம் கட்டும் முன்பு இதைச் செய்வதே புத்திசாலித்தனம்.