தற்காலிக ஆசிரியர் ஆவது எப்படி?

ஆசிரியர் வராத நாள் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய பாடம் இழந்த பாடமேயாகும். ஆசிரியர் ஒருவர் மகப்பேற்று விடுப்பிலோ நீண்ட மருத்துவ விடுப்பிலோ செல்லும்போது, அவரது இடத்தை நிரப்புபவரே தற்காலிக ஆசிரியர். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் இவரது சேவை மிகவும் இன்றியமையாதது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வசிக்கும் தோட்டத்தில் பள்ளி அமைய வேண்டுமென விதித்தது. அக்காலத்தில் எழுத்தறிந்த கிராணியோ கங்காணியோ பாடம் போதித்ததுண்டு. இன்று அவ்வாறு இயலாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, கற்பிப்பவர் ஆசிரியராகப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அல்லது கற்பிப்பதற்கான அனுமதிப் பத்திரமாவது பெற்றிருத்தல் வேண்டும்.

இப்பணியை விரும்புவோர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

முதலாவதாக, காலியிடம் உண்டா என்பதைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் கேட்டறிக. கேட்கப்படும் கல்வித் தகுதி பணிக்குப் பணி மாறுபடும். ஆதலால் அறிவிப்பை முழுமையாகப் படித்துணர்தல் நன்று.

இரண்டாவதாக, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேர்வுச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை ஆயத்தமாக வைத்திருக்கவும்.

மூன்றாவதாக, வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர். விண்ணப்பத்தை உரிய அலுவலகத்திலேயே ஒப்படைப்பீர்.

தற்காலிகப் பணி ஒப்பந்தக் காலம் முடிந்ததும் முடிந்துவிடும். பல ஆண்டுகள் இதிலேயே காத்திருந்து, பயிற்சிக்குரிய வயதைக் கடந்துவிடுதல் பெரும் இழப்பாகும். இதனை ஒரு படியாகக் கொண்டு, நிரந்தர வழியை நாடுவதே அறிவுடைமை. எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்றோர் ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஆயத்தப் பயிற்சியையும் அதன்பின் 4 ஆண்டுப் பட்டப் பயிற்சியையும் பெறலாம். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ்க் கல்வித் துறையில் பட்டம் பெற வாய்ப்புண்டு. நிரந்தர நியமனத்தைக் கல்விச் சேவை ஆணையம் வழங்குகின்றது.

பெற்றோர்களே! இவ்வழியின் முதற்கதவு இடைநிலைப் பள்ளியிலேயே இருக்கின்றது. தமிழ்ப்பள்ளியில் தமிழ் கற்பிக்க விரும்பும் பிள்ளை, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை எழுதி நல்ல தேர்ச்சி அடைந்திருக்க வேண்டும். பாடச்சுமைக்கு அஞ்சி நான்காம் படிவத்தில் தமிழைக் கைவிடும் பிள்ளை, தான் அறியாமலேயே அக்கதவை அடைத்துக் கொள்கின்றது. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையெனில் சோர்வுற வேண்டா. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கோரினால், தமிழ் கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டுமென்று கல்விச் சட்டமே கூறுகின்றது. பால்மரக் காட்டில் ஒன்றாக உழைக்கும் பதினைந்து பெற்றோர், ஒரு மனுவில் ஒன்றாகக் கையொப்பமிடுதல் அரிதான செயலன்று.

நம் பிள்ளைகளுக்கு நம்மிடையே இருந்தே ஆசிரியர்கள் தோன்றட்டும்!