ஆறேகால் சென்ட் நிலம்

இங்கிலாந்தில் பட்டணங்களின் ஓரத்திலும் ரயில் பாதைகளின் பக்கத்திலும் சிறுசிறு துண்டுகளாக வகுக்கப்பட்ட காய்கறி நிலங்களைக் காணலாம். அவற்றில் மண்வெட்டி பிடிப்பவர்கள் பரம்பரைக் குடியானவர்கள் அல்லர். குமாஸ்தாக்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரித் தாதிகள், பென்ஷன் பெற்ற கிழவர்கள். ஸ்தல சபையிடம் சொற்ப வாடகைக்கு அவர்கள் பெறும் இந்நிலத்துக்கு ‘அலாட்மெண்ட்’ என்று பெயர். அதன் வழக்கமான அளவு பத்து ‘ராட்’. நம் கணக்கில் ஆறேகால் சென்ட்.

மண்ணையே அறியாத ஒருவர் அங்கே முதல் வருஷத்தில் படும் பாடு கேட்கத்தக்கது. பல ஊர்களில் நிலம் கைமாறுவது இலையுதிர் காலத்தில். முன்பிருந்தவர் விட்டுப்போன நிலத்தில் நம் அறுகைப் போன்ற ஒரு புல்லும், சுற்றிப் படரும் ஒரு கொடியும் மண்டிக் கிடக்கும். ஆத்திரத்தோடு கொத்திப் புரட்டினால் வேர் நூறு துண்டாகிறது. துண்டுக்கொரு செடி முளைக்கிறது. கோரைக்கிழங்கோடு மல்லாடிய நம் ஊர் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் வேலை குறைவு. களிமண்ணைக் கிளறிக் கட்டியாகவே விட்டுவிடுவார்கள். மண்ணிலுள்ள நீர் உறைந்து விரியும்போது கட்டிகள் தாமே உடைந்து பொலபொலவென்றாகும். நம் நாட்டில் கோடை உழவுக்குப் பின் வெயில் செய்யும் உபகாரத்தை அங்கே உறைபனி செய்கிறது. பிப்ரவரியில் விதை உருளைக்கிழங்கை ஜன்னலோரம் வெளிச்சத்தில் அடுக்கி முளைக்கவிடுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமையன்று அதை நடுவது பழைய வழக்கம்.

ஏப்ரலில் சூரியன் தலை காட்டியதும் பீன்ஸையும் பூசணியையும் நடக் கை துறுதுறுக்கும். பக்கத்து நிலத்துக் கிழவர் தடுப்பார். அவர் சொல்வது சரி. மே மாதத்தின் நடுவிலும் ஓர் இரவு உறைபனி விழுந்து இளநாற்று அத்தனையையும் கருக்கிவிடலாம். அதோடு, வசந்தத்தில் பூமியெங்கும் பசுமையாயிருக்கையில் தோட்டத்தில் பறிக்க ஒன்றுமே இல்லை என்பதையும் அவர் அப்பொழுதுதான் காண்பார். குளிர்காலத்துக் கோஸும் லீக்கும் தீர்ந்திருக்கும், புதிய விளைச்சல் வந்திராது. இதை அங்கே ‘பசி இடைவெளி’ என்றே சொல்கிறார்கள். பண்டைக் காலத்து ஏழையின் வீட்டில் அது வெறும் பெயராக இருந்திராது.

ஜூன் மாதம் ஓடில்லா நத்தைகளுக்கும் புறாக்களுக்கும் உரியது. ஜூலை கடைசியில் நிலைமை தலைகீழாகிறது. பீன்ஸும் சுரை ஜாதிக் காய்களும் தின்று மாளாமல் காய்க்கும். வாங்கிக்கொள்ள ஆள் தேடி அலைய வேண்டிவரும். புழுக்கமும் மழையும் கூடிய வாரத்தில் உருளைக்கிழங்கின் இலை கறுத்தால் மட்டும் சிரிப்பு அடங்கிவிடும். 1845-ல் அயர்லாந்தின் பயிரை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய் அது. இலை தண்டை உடனே அறுத்தெறிந்தால் கிழங்கையாவது காப்பாற்றலாம். இவ்வளவையும் ஒருவர் அறிந்து முடிக்கையில் அடுத்த இலையுதிர் காலம் வந்துவிடுகிறது. கற்றதைப் பயன்படுத்த அவருக்கு இரண்டாவது வருஷம் வேண்டும். எருக்குழியில் போட்டது மக்கி உதவவும் அதே வருஷம்தான் வேண்டும்.

அந்த இரண்டாவது வருஷத்தை அவருக்கு உறுதி செய்வது சட்டம். பொதுமேய்ச்சல் நிலங்களைப் பார்லிமெண்டின் சட்டங்களாலேயே வேலியடைத்துப் பிரபுக்கள் எடுத்துக்கொண்ட தேசம் அது. அந்த அநீதிக்கு அரைகுறைப் பரிகாரமாகப் பிறந்தவையே இச்சிறு நிலங்கள். 1908-ம் வருஷச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு வோட்டர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டால் ஸ்தல சபை அக்கோரிக்கையைப் பரிசீலித்தே தீரவேண்டும். 1925-ம் வருஷச் சட்டம், இதற்கென்றே வாங்கிய நிலத்தை மந்திரியின் சம்மதமின்றி விற்கவோ வேறு காரியத்துக்கு மாற்றவோ கூடாதென்று தடுக்கிறது. இன்று பல ஊர்களில் நிலத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் கேட்கும் உரிமை இருக்கிறது.

இரண்டாவது உலக யுத்தத்தில் இந்த ஏற்பாடு அந்நாட்டுக்குக் கைகொடுத்தது. லண்டன் கோட்டையின் அகழியில்கூடக் காய்கறி பயிரிட்டார்கள். 1943-ல் அலாட்மெண்டுகள் சுமார் 14 லட்சம் என்பது கணக்கு. அதே வருஷத்தில், அதே சர்க்காரின் ஆட்சிக்குட்பட்ட வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். காய்கறிப் பாத்திகள் இருந்திருந்தால் அப்பஞ்சம் தீர்ந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அதன் காரணங்கள் வேறு. உணவு உற்பத்தியைப் பெருக்கும்படி இந்தியர்களுக்கும் உபதேசம் செய்யப்பட்டது. உபதேசம் கப்பலேறி வந்தது, நிலம் கேட்கும் உரிமை வரவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் நகரத்து ஏழைக்கு அவ்வுரிமையை நாம் வகுத்துக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நிலம் இல்லை என்ற பதில் முழு உண்மையன்று. தமிழ்நாட்டு விதிகளின்படி, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பாதை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி ஒப்படைக்கவேண்டும். அவற்றில் பூங்காவும் விளையாட்டிடமும் அமையட்டும். ஒரு மூலையைப் பிரித்து, மாடி வீடில்லாத குடும்பங்களுக்குத் தலா ஒரு சென்ட் கொடுப்பதில் நஷ்டம் என்ன? மாடித் தோட்டத்துக்குச் சட்டியும் விதையும் கொடுப்பது நல்லதுதான், மாடி உடையவனுக்கு. ஒரு சென்டில் ஆடிப்பட்டத்துக்குக் கத்தரியும் வெண்டையும் அவரையும் வைக்கலாம். மழை நின்ற பின் தைப்பட்டத்துக்குக் கீரையும் தக்காளியும். கோடையில் நிலம் காயட்டும்.

குத்தகை மட்டும் மூன்று வருஷத்துக்குக் குறையக்கூடாது. பதினோரு மாத வாடகைச் சீட்டை நம்பி முருங்கைக் கொம்பு ஊன்றுகிறவர் யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டியும் பொது எருக்குழியும் ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பு. களையையும் பூச்சியையும் குத்தகைதாரர் பார்த்துக்கொள்வார்.