சிஜிபிஏ 7-க்கும் கீழே... கன்சல்டிங் இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாமா?

மெக்கின்சி, பிசிஜி, பெய்ன். இந்த மூன்றில் ஒரு பெயர் ரெஸ்யூமில் ஏறிவிட்டால் லைஃப் செட்டில் என்று நினைக்கும் மாணவர்கள் நிறைய. ஐந்தாவது செமஸ்டர் முடிவில் சிஜிபிஏ 6.6 என்று நிற்பதைப் பார்த்து, ‘இதெல்லாம் நமக்கு இல்லப்பா’ என்று அப்ளை பண்ணாமலே ஒதுங்குபவர்கள் அதைவிட நிறைய.

ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் எல்லோரும் போகிற வழியிலேயே போனால் கதவு திறக்காது.

எங்கே தடுக்கிறது?

கேம்பஸ் தேர்வில் முதல் கட்டம் பெரும்பாலும் எக்செல் ஷீட்தான். சில இடங்களுக்குப் பல நூறு பேர் அப்ளை பண்ணும்போது, ‘10, 12, டிகிரி மூன்றிலும் 60 சதவீதத்துக்கு மேல்’, ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது’, ‘சிஜிபிஏ 7.5-க்கு மேல்’ என்று ஃபில்டர் போட்டுவிடுகிறார்கள். உங்கள் ரெஸ்யூமை யாரும் படித்து நிராகரிக்கவில்லை. யாரும் படிக்கவே இல்லை, அவ்வளவுதான். பெரிய மூன்று நிறுவனங்களும் ஐஐடி, ஐஐஎம் மாதிரியான சில கேம்பஸ்களைத்தான் அதிகம் தேடிப்போகின்றன. அதனால் மற்ற கல்லூரி மாணவர்களுக்கு இது இரட்டைத் தடை.

‘அடுத்த செமஸ்டர்ல தூக்கிடலாம்’ என்று நினைத்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து செமஸ்டரில் 110 கிரெடிட், சிஜிபிஏ 6.6. ஆறாவது செமஸ்டரில் 22 கிரெடிட், அதில் வெறித்தனமாகப் படித்து 9 எடுக்கிறீர்கள். மொத்தத்தில் சிஜிபிஏ எவ்வளவு ஆகும்? சரியாக 7.0. ஒரு செமஸ்டர் முழுக்க உயிரைக் கொடுத்தாலும் 0.4 தான் ஏறும். 7 கட்-ஆஃப் வைக்கும் கம்பெனிக்கு இது போதும், 7.5 கேட்பவர்களிடம் போதாது. அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். மீதி நேரத்தை, ரெஸ்யூமை ஒரு மனிதர் படிக்கும் இடங்களுக்குச் செலவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மனிதர் படிக்கும் இடங்கள்

பத்து, இருபது பேர் வேலை பார்க்கும் சிறிய கன்சல்டிங் நிறுவனங்கள், ஸ்டார்ட்-அப்களின் ஸ்ட்ராட்டஜி டீம்கள், சமூகத் திட்டங்களை மதிப்பிடும் அமைப்புகள். இங்கெல்லாம் நீங்கள் அனுப்பும் மெயிலை நிறுவனரே படிக்க வாய்ப்பு உண்டு. டெலாய்ட், இஒய், கேபிஎம்ஜி, பிடபிள்யூசி ஆகிய ‘பிக் ஃபோர்’ நிறுவனங்களும் நல்ல இலக்குதான். ஆனால் அங்கே ‘கன்சல்டிங்’ என்ற பெயரில் வரும் பல வேலைகள் சாஃப்ட்வேர் நிறுவுவது, டேட்டாவைச் சரிபார்ப்பது போன்றவை. பெயரை மட்டும் பார்த்து மயங்காமல் வேலை விவரத்தை முழுசாகப் படித்துவிடுங்கள்.

லிங்க்டுஇன்னில் உங்கள் கல்லூரி சீனியர்களைத் தேடிப் பிடியுங்கள். ‘சார், ப்ளீஸ் ரெஃபர் மீ’ என்ற மெசேஜ் அவர்களுக்கு தினமும் வரும், அதற்குப் பதில் வராது. அதற்குப் பதிலாக, அவர் வேலை செய்யும் துறை பற்றி நீங்களே தேடிப் படித்துவிட்டு, விடை கிடைக்காத ஒரு கேள்வியுடன் 15 நிமிட ஃபோன் பேச நேரம் கேளுங்கள். ரெஃபரல் பேச்சை முதல் காலிலேயே எடுக்காதீர்கள். பத்துப் பேருக்கு அனுப்பினால் இரண்டு பேர் பதில் போட்டாலே நல்ல கணக்கு.

ரெஸ்யூமில் காட்ட ஏதாவது வேண்டுமே? ஃபோரேஜ் தளத்தில் பிசிஜி உள்ளிட்ட நிறுவனங்களின் மாதிரி வேலைகளை இலவசமாகச் செய்து பார்க்கலாம். அதை ‘பிசிஜி இன்டர்ன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது இன்டர்ன்ஷிப் கிடையாது. அதைவிட வலுவானது, தெருமுனை மளிகைக் கடைக்கோ உறவினரின் பட்டறைக்கோ உண்மையான ஒரு வேலை செய்து கொடுப்பது. எந்தச் சரக்கு மாதக்கணக்கில் தேங்குகிறது, அதில் எவ்வளவு பணம் முடங்குகிறது என்று கணக்கெடுத்துக் கொடுத்தீர்கள் என்றால், அதுதான் கன்சல்டிங். சர்டிஃபிகேட் தருகிறோம் என்று காசு கேட்கும் ‘இன்டர்ன்ஷிப்’ விளம்பரங்களைப் பார்த்தால் ஓடிவிடுங்கள்.

டீக்கடை கணக்கு

ஷார்ட்லிஸ்ட் ஆகிவிட்டால் ஆட்டம் மாறும். கேஸ் இன்டர்வியூவில் பார்ப்பது நீங்கள் யோசிக்கும் முறையைத்தான். உதாரணமாக ஒரு கேள்வி: சென்னையில் ஒரு நாளைக்கு டீக்கடைகளில் எத்தனை டீ விற்கும்?

சரியான விடை அவர்களுக்கும் தெரியாது. மக்கள்தொகை 70 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 சதவீதம் பேர் கடையில் டீ குடிக்கிறார்கள் என்றால் 28 லட்சம் பேர். ஆளுக்குச் சராசரியாக ஒன்றரை டீ, மொத்தம் 42 லட்சம். இங்கே நிறுத்திவிட்டால் சுமாரான பதில்தான். ஒரு கடையில் 500 டீ விற்றால் 8,400 கடைகள் வேண்டும். மாநகராட்சியில் 200 வார்டுகள், ஆக வார்டுக்கு 42 கடைகள். ‘இது நம்புற மாதிரி இருக்கா? எங்க வார்டுல இவ்வளவு கடை இருக்குமா?’ என்று உங்கள் விடையை நீங்களே சோதிக்கும்போதுதான் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதைத் தனியாகப் படித்துப் பழக முடியாது. மார்க் கோசென்டினோவின் ‘கேஸ் இன் பாயின்ட்’ ஆரம்பத்துக்கு உதவும். அதன்பிறகு ஒரு நண்பரை எதிரில் உட்காரவைத்து, சத்தமாகப் பேசிப் பேசித்தான் வரும். ஆங்கிலத்தில் தயங்குபவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் அவசியம்.

மார்க்கை மறைக்கலாமா?

ரெஸ்யூமில் சிஜிபிஏவை விட்டுவிட்டால், படிப்பவர் இருப்பதைவிட மோசமாகவே கற்பனை செய்துகொள்வார். 6.6 என்று போட்டுவிட்டு, கடைசி இரண்டு செமஸ்டர்களின் மார்க் நன்றாக இருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ‘ஏன் குறைந்தது?’ என்று நேரில் கேட்டால் இரண்டு வாக்கியம் போதும்: காரணம் ஒன்று, பிறகு என்ன மாற்றினீர்கள் என்பது ஒன்று. கண்ணீர்க் கதையும் வேண்டாம், பேராசிரியர் மீது பழியும் வேண்டாம்.

6.96-ஐ 7 என்று ‘ரவுண்ட்-ஆஃப்’ செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போது மார்க் ஷீட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். கையில் வந்த ஆஃபர், அந்த 0.04-க்காக ரத்தாகலாம்.