சூளை தரும் வண்ணம்

ஜப்பானிய மட்கலம் என்றவுடன் பூவும் கொடியும் தீட்டிய வெண்பீங்கானே நம்மில் பலருக்கு நினைவில் எழும். ஆயின் பதினாறாம் நூற்றாண்டிலேயே அந்நாட்டுத் தேநீர்க் கலைஞர்கள் விரும்பிப் போற்றிய கலம் வேறொன்று உண்டு. ஒகாயாமா மாநிலத்துப் பிஜென் வட்டாரத்தில், இம்பே என்னும் ஊரில் வனையப்படும் அக்கலத்துக்கு மெருகுப் பூச்சும் இல்லை; சித்திரமும் இல்லை. அதில் நாம் காணும் நிறமெல்லாம் சூளைக்குள் பிறந்தவையே.

அங்கு நெல்வயல்களின் அடியிலிருந்து எடுக்கும் களிமண் நுண்ணியது; இரும்புச் சத்து மிக்கது. வேகும்போது வெகுவாகச் சுருங்குவதால், சூட்டை விரைவாக ஏற்றினால் கலம் வெடித்துவிடும். ஆதலின் பைன் விறகை இரவு பகலாக இட்டு, பத்து நாள் முதல் இரண்டு வாரம்வரை சிறிது சிறிதாகச் சூடேற்றி, ஏறத்தாழ 1200 டிகிரி சென்டிகிரேடுக்குக் கொண்டு செல்கின்றனர். நெருப்பு அணைந்தபின் சூளை ஆறுவதற்கும் பல நாள் செல்லும். மாதக்கணக்கில் வனைந்தவை யாவும் உள்ளே இருக்க, வாயிலைத் திறக்கும்வரை பலன் தெரியாது.

பறந்துவரும் விறகுச் சாம்பல் கலத்தின்மீது படிந்து உருகினால் எள் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். அதன் பெயரும் 'கோமா', அதாவது எள் என்பதே. கங்கிலும் சாம்பலிலும் புதைந்த கலத்துக்குப் பிராணவாயு குறைந்துவிடுவதால் சாம்பலும் நீலமும் கலந்த சாயல் உண்டாகும், அது 'சங்கிரி'. நம் மனத்தை மிகவும் கவர்வது 'ஹிடாசுகி'. அடுக்கிய கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடையே வைக்கோல் வைப்பது வழக்கம். வைக்கோல் எரிந்துபோயிற்று, அதிலிருந்த காரப்பொருள் மண்ணின் இரும்போடு கூடிச் செந்நிறக் கீற்றுகளை விட்டுச் சென்றது. பின்னர் அக்கீற்றுகளுக்காகவே வைக்கோலைச் சுற்றலாயினர்!

இவற்றைத் தற்செயல் என்று ஒதுக்குதல் தகாது. எதனைத் தீவாயருகே நிறுத்துவது, எதனைச் சாம்பலில் கிடத்துவது என்று குயவர் எண்ணியே அடுக்குகிறார். அந்த அறிவுதான் ஒருகாலத்தில் நழுவும் நிலைக்கு வந்தது. பீங்கான் பரவப் பரவப் பிஜென் தொழில் நலிந்தது. கானேஷிகே தோயோ என்பவர் பழங்கலங்களை ஆராய்ந்து, மண்ணையும் தீயையும் மீண்டும் மீண்டும் சோதித்து, அப்பழைய முறையை மீட்டார். 1956-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' எனப் போற்றப்படுவோர் வரிசையில் சேர்த்தது. இம்பே இரயில் நிலையத்தில் இறங்குவோர் கூரைகளுக்கு மேலே நிற்கும் செங்கற் புகைபோக்கிகளை இன்றும் காணலாம்.