பழைய பிக்கப் வாங்கும் முன்

கல்யாண வீடு. இரவு ஏழு மணி. திடீரென்று கரண்ட் போய்விட்டது. மேடை இருண்டது. ஒரு நிமிடம்தான். பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன. மேளம் மறுபடி கேட்டது.

அந்த ஜெனரேட்டர் கோலார் மாவட்டத்தில் உள்ள ஒரு கணவன் மனைவிக்குச் சொந்தம். அதை இரண்டு சக்கர டிரெய்லரில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் டிரெய்லரை இழுத்துப் போகச் சொந்த வண்டி இல்லை. ஒவ்வொரு தடவையும் டிராக்டர் வாடகை 1,500 ரூபாய். மாதம் எட்டு விசேஷம் என்றால் 12,000 ரூபாய். மனைவி நோட்டில் பெருக்கிப் பார்த்தார். முதியோர் கல்வி வகுப்பில் எழுத்தும் கணக்கும் கற்றவர் அவர்.

"இந்தப் பணத்தில் ஒரு பழைய பிக்கப்புக்குத் தவணை கட்டலாமே" என்றார்.

கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. மீதியை மகளிர் குழுவில் கடன் கேட்டார்கள். இந்தப் பணம் வீணானால் மறுபடி சேர்க்க நாலைந்து வருடம் ஆகும். அதனால் மெக்கானிக் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

பொலீரோ பிக்கப், டாடா யோதா, தோஸ்த் போன்ற வண்டிகளில் டர்போ வைத்த டீசல் எஞ்சின் இருக்கும். டர்போ என்றால் என்ன? கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். துருத்தி காற்றை ஊதினால் கரி நன்றாக எரியும். எஞ்சினிலும் அப்படித்தான். காற்று அதிகம் போனால் டீசல் அதிகம் எரியும். சின்ன எஞ்சினிலும் இழுவை கூடும்.

இந்தத் துருத்தியை மிதிக்க ஆள் வேண்டாம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையே மிதிக்கிறது. நத்தை ஓடு போன்ற இரும்புக் கூட்டுக்குள் ஒரு சின்னக் காற்றாடி இருக்கிறது. புகை அதைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளுகிறது. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். இந்த வேகத்தில் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். எண்ணெய் குறைந்தாலும், கெட்டுப்போனாலும் தண்டு தேயும். டர்போ மாற்றுவது பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் வண்டியைப் பார்க்கக் காலை ஆறு மணிக்கே போனார்கள். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று கணவருக்குச் சலிப்பு. மெக்கானிக் பானெட்டின் மேல் கையை வைத்தார். சுட்டது. விற்பவர் முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்! குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் உடல்நிலை தெரியும். சூடாக்கி வைத்தால் பாதி நோய் மறைந்துவிடும்.

"நாளைக்கு வருகிறோம். அதுவரை எஞ்சினைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினார்கள். மெக்கானிக் பின்னால் நின்று புகையைப் பார்த்தார். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். டர்போ தேய்ந்திருக்கலாம், எஞ்சினே தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகை கிளம்பும்போது கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அடர்ந்த கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டர்போ குழாய் கிழிந்திருக்கலாம். குழாய் கிழிந்திருந்தால் செலவு சிறியது. அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம்.

2020 ஏப்ரலுக்குப் பின் விற்ற வண்டிகள் பி.எஸ். 6 வகை. இவற்றில் புகையை வடிகட்டும் கருவி இருக்கும். புகையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். விளக்கு எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க அதைக் கழற்றியிருக்கக் கூடும்.

பிறகு எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றினார் மெக்கானிக். உள்ளே எண்ணெய் பூசினாற்போல் இருந்தால் போகட்டும். தேங்கி நின்றால் தவறு. தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் துளி ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினால் ஆயுள் முடிந்தது. இந்த வண்டியில் தண்டு முன்னும் பின்னும் ஆடியது. இறக்கைகள் கூட்டில் உரசிய தடமும் இருந்தது. வேண்டாம் என்று திரும்பினார்கள்.

இரண்டாவது வண்டி சித்தூரில் இருந்தது. விலை பத்தாயிரம் மலிவு. ஆனால் சித்தூர் ஆந்திராவில் இருக்கிறது. அங்கே பதிவான வண்டியைக் கர்நாடகத்துக்குக் கொண்டுவர, பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். வரியும் இங்கே கட்ட வேண்டும். மனைவி கூட்டிப் பார்த்தார். மலிவு காணாமல் போய்விட்டது.

மூன்றாவது வண்டி பக்கத்து ஊரில். புகை சுத்தம். டர்போ நன்று. மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கும். அப்படி இல்லை. மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, சட்டத்தின் பின்பகுதியைத் துணியால் துடைத்துப் பார்த்தார். டிரெய்லர் இழுத்த வண்டியில் அங்கேதான் விரிசல் விழும். ஓர் இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் அதன் அடியில் வெல்டிங் ஒளிந்திருக்கலாம். இங்கே விரிசலும் இல்லை, புதுப் பெயிண்டும் இல்லை.

"இனி உன் வேலை, தங்கச்சி" என்றார் மெக்கானிக்.

மனைவி ஆர்.சி.யைக் கையில் வாங்கினார். சேஸிஸ் எண்ணை வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டார். அதில் எழுத்தும் எண்ணுமாக 17 இருக்கும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அவர் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். கணவர் அடியில் பார்த்துச் சொன்னார். பதினேழும் பொருந்தின. எஞ்சின் எண்ணும் பொருந்தியது.

ஆனால் ஆர்.சி.யில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. வண்டி மீது கடன் என்று பொருள்.

"அதெல்லாம் கட்டி முடித்தாச்சு அம்மா. பேப்பர் அப்புறம் தருகிறேன்" என்றார் விற்பவர்.

"பேப்பர் வரட்டும் அண்ணா. அப்புறம் முன்பணம் தருகிறோம்" என்றார் அவர்.

கணவருக்குத் தயக்கம். நல்ல வண்டி கை நழுவிவிடுமோ? ஆனால் கடன் நிலுவை இருந்தால் நிதி நிறுவனம் வண்டியைப் பிடித்துப் போய்விடும். வாங்கியவர் கொடுத்த பணம் திரும்பி வருவது கஷ்டம். கடன் தீர்ந்ததற்குச் சான்றுக் கடிதமும், நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வேண்டும். பன்னிரண்டு நாளில் இரண்டும் வந்தன. தகுதிச் சான்று, காப்பீடு, பாக்கி அபராதம் ஆகியவற்றை எம்பரிவாகன் செயலியில் பார்த்துக்கொண்டார்கள். வண்டி எண்ணைத் தட்டினால் போதும்.

படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வாங்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டை மாற்ற 14 நாள்தான். பெயர் மாறாமல் விபத்து நடந்தால் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மீது விழும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பெயர் மாற்றத்தில் விற்பவருக்கும் அவசரம் இருக்க வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்தது. உடனே டிரெய்லரை மாட்டிவிடவில்லை. முதலில் ஜெனரேட்டரோடு டிரெய்லரை எடை மேடைக்குக் கொண்டுபோனார்கள். 900 கிலோ. வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பது கம்பெனிக் கையேட்டில் இருக்கும். இல்லாவிட்டால் சர்வீஸ் நிலையத்தில் எழுதி வாங்க வேண்டும். எஞ்சின் இழுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. நிறுத்துவதுதான் பெரிய வேலை. கொக்கியைக் கண்ட இடத்தில் வெல்டிங் செய்யக் கூடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுச் செய்வது நல்லது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும்.

டிரெய்லரின் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும். 900 கிலோவுக்கு 90 கிலோ. பாரம் பின்பக்கம் சாய்ந்திருந்தால் ஓட்டும்போது டிரெய்லர் பாம்புபோல் நெளியும். இவர்களுடைய ஜெனரேட்டர் பின்னால் தள்ளி இருந்தது. போல்ட்டைக் கழற்றி ஒரு சாண் முன்னால் நகர்த்தினார்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலி போட்டார்கள். பின்னால் பிரேக் விளக்கும் ஒளிரும் பட்டையும் வைத்தார்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து மெதுவாக இறங்க வேண்டும்.

முதல் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கணவர் சாவியைத் திருப்பப் போனார்.

"அணைக்காதீங்க. ஒரு நிமிஷம் ஓடட்டும்" என்றார் மனைவி.

மேடு ஏறி வந்த டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். எஞ்சினை உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, தண்டில் ஒட்டிய எண்ணெய் கருகிவிடும். மெதுவாக ஓடவிட்டால் ஆறும். அவர் அறுபது வரை எண்ணினார். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார்.