குமுளி இறக்கத்துல எந்த கியர்? லைசென்ஸ் வாங்கின பிறகு ஆரம்பிக்கிற பாடம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னவை மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடு கார், வேன் ஓட்டுறவங்களுக்கு. முக்கியமா, லைசென்ஸ் கையில இருக்கு, சிட்டியில தினமும் ஓட்டுறேன், அதனால எனக்கு ஓட்டத் தெரியும்னு நம்பிட்டு இருக்கிறவங்களுக்கு. நானும் அப்படி நம்பிட்டு இருந்தவன்தான்.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். எங்க ஊர் தேனி பக்கம். லீவுக்கு வந்தப்போ குடும்பமா தேக்கடி போனோம். மாமாவோட வேன், உள்ளே 11 பேர். திரும்பி வர்ற நேரத்துல டிரைவருக்கு காய்ச்சல். "நான் ஓட்டுறேன்"னு சாவியை வாங்கிட்டேன். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் இறக்கம். நான் நாலாவது கியர்ல, பிரேக்ல காலை வச்சுக்கிட்டே இறக்கினேன். பாதி வழியில அத்தை, "என்னமோ கருகுற வாசம் வருதேப்பா"ன்னாங்க. அடுத்த வளைவுல பிரேக்கை மிதிச்சா, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுது. வண்டி வழக்கம்போல நிக்கல. பதறிப்போய் கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, அகலமான ஒரு இடத்துல மலைப்பக்கமா ஒதுக்கி நிறுத்தினேன். கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரமாச்சு.

பின்னாடி வந்த ஒரு ஜீப்காரர் இறங்கி வந்தார். வயசு அறுபதுக்கு மேல இருக்கும். திட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, என்ன கியர்ல எறங்குனீங்க?"

அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற விஷயம்தான் இந்த எபிசோடு.

லைசென்ஸ் எதைச் சொல்லுது, எதைச் சொல்லல

என் டிரைவிங் டெஸ்ட் சமதளத்துல நடந்தது. எட்டு போட்டேன், ரிவர்ஸ் எடுத்தேன், சிக்னல் காட்டினேன், பாஸ். அதுல தப்பு இல்ல. ஆனா அந்த டெஸ்ட் சொல்றது, இவருக்கு வண்டியை நகர்த்தத் தெரியும் என்பதை மட்டும்தான். 11 பேரோட மலை இறங்கத் தெரியுமா என்பதை அது கேட்கவே இல்ல.

மத்திய அரசு 2021-ல் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்குன்னு தனி விதிகள் கொண்டுவந்தது. அதன்படி இலகுரக வாகனப் பயிற்சி மொத்தம் 29 மணி நேரம். வகுப்பு 8 மணி, ஓட்டுறது 21 மணி. அந்த 21 மணி நேரத்துக்குள்ள கிராமச் சாலை, நெடுஞ்சாலை, நகரச் சாலை, மேடு ஏறுறது, இறங்குறது எல்லாம் வரணும். ஆனா நம்மில் பெரும்பாலானவங்க கத்துக்கிட்டது, பக்கத்து டிரைவிங் ஸ்கூல்ல காலையில அரை மணி நேரம், அதே ரோட்டுல, ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கிற கார்ல.

வேன் விஷயத்துல இன்னொண்ணு. இலகுரக வாகன லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க, 7,500 கிலோ வரைக்கும் உள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம்னு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பு சொன்னது. சட்டப்படி சரி. ஆனா ஆல்டோவுல பழகின காலுக்கு, 12 பேர் உட்கார்ந்து மேல கேரியர்ல மூட்டை கட்டின வேன் வேற மிருகம். உயரம் அதிகம், வளைவுல சாயும். எடை அதிகம், நிக்க நேரமாகும். தீர்ப்பு அனுமதி தரும், பழக்கம் தராது.

கொஞ்சம் கணக்கு போடுவோம்

நான் இன்ஜினியர், கணக்கு போடாம என்னால விட முடியாது. ஆளுங்களோட சேர்த்து வேன் 2,000 கிலோன்னு வச்சுக்குவோம். 500 மீட்டர் உயரம் கீழே இறங்குது. அந்த உயரத்துல இருந்த ஆற்றல் எங்கேயாவது போயாகணும். கணக்குப்படி சுமார் 98 லட்சம் ஜூல். 30 லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும்.

இன்னொரு மாதிரி பார்க்கலாம். அதே வேனை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினா பிரேக்குக்குப் போற வெப்பம் சுமார் 2.8 லட்சம் ஜூல். அப்போ 500 மீட்டர் இறக்கத்தை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா, 60-ல் இருந்து 35 தடவை தொடர்ச்சியா நிறுத்தின மாதிரி. காத்து கொஞ்சம் பங்கு எடுத்துக்கும், ஆனா மெதுவா இறங்குறப்போ அது பெரிய உதவி இல்ல. போடிமெட்டு இன்னும் மோசம். 17 கொண்டை ஊசி வளைவு, போடி ஊர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். கணக்கை ரெண்டால பெருக்கிக்கோங்க.

இவ்வளவு சூடு ஏறும்போது ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, பிரேக் பேடோட உராய்வு குறையும். பெடல் கல்லு மாதிரி இருக்கும், ஆனா வண்டி நிக்காது. ரெண்டாவது, பிரேக் ஆயில் கொதிக்கும். ஆயில்ல ஆவிக்குமிழி வந்தா பெடல் பஞ்சு மாதிரி ஆயிடும். எனக்கு நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயிலோட கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி இருக்கணும். ஈரம் ஏறின ஆயிலுக்கு அந்தத் தரம் கேக்குறது 140 டிகிரிதான். மாமா வேன்ல கடைசியா எப்போ ஆயில் மாத்தினாங்கன்னு கேட்டேன். யாருக்கும் ஞாபகம் இல்ல.

தீர்வு ரொம்பப் பழசு. எந்த கியர்ல ஏறுவீங்களோ, அதே கியர்ல இறங்குங்க. இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடணும், வேகம் பிடிச்ச பிறகு இல்ல. அப்போ இன்ஜினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். பிரேக்கை விட்டு விட்டு, தேவைப்படும்போது மட்டும் அழுத்தமா மிதிக்கலாம். ஆட்டோமேட்டிக் கார்னா 'எல்' அல்லது மேனுவல் மோடுல கியரைப் பிடிச்சு வைங்க, 'டி'யில விட்டுட்டு வராதீங்க.

"நியூட்ரல்ல இறக்கினா டீசல் மிச்சம்"னு சொல்ற மாமா எல்லார் வீட்டுலயும் ஒருத்தர் இருப்பார். இன்னைக்கு இருக்கிற இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல, கியர்ல இருந்துகிட்டு ஆக்சிலரேட்டரை விட்டா எரிபொருள் போறதே நின்னுடும். நியூட்ரல்ல போட்டாதான் ஐடிலிங்குக்கு எரியும். இன்ஜினையே அணைச்சா இன்னும் ஆபத்து. பிரேக்குக்கு கிடைக்கிற உதவியும் போயிடும், பவர் ஸ்டியரிங்கும் போயிடும். மிச்சம் பிடிக்கிறதா நினைச்சு டீசலையும் விட்டு உயிரையும் பணயம் வைக்கிறது இது.

மூணு காலை, ஒரு மாணவன்

அந்த ஜீப்காரர் முப்பது வருஷம் போடிமெட்டு வழியா ஏலத்தோட்ட வேலையாட்களை ஏத்திட்டுப் போனவர். விடியுறதுக்கு முன்னாடி ஏறி, சாயங்காலம் இறங்கணும், தினமும். அவர்கிட்ட போய், "அண்ணே, ஒரு மூணு நாள் என் பக்கத்துல உட்காருவீங்களா?"ன்னு கேட்டேன்.

வெளிநாட்டுல இதை ஒரு தனித் துறையாவே வச்சிருக்காங்க. பிரிட்டன்ல போலீஸ் டிரைவர்களுக்கான பயிற்சி 1930-கள்ல லண்டன் ஹெண்டன்ல ஆரம்பிச்சது. 1955-ல் 'ரோட்கிராஃப்ட்' புத்தகம் வந்தது, 1956-ல் பொதுமக்களுக்காக மேம்பட்ட ஓட்டுநர் அமைப்பு ஒண்ணு உருவாச்சு. அங்கே பாடம் பெரும்பாலும் ரோட்டுலதான். உங்க வண்டி, நீங்க தினமும் போற ரோடு, பக்கத்துல பயிற்சியாளர். உங்க தப்பு எதுவோ அதுக்கு மட்டும் பாடம். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, ஓடிட்டு இருக்கிற கோடுக்கு ரிவ்யூ.

அண்ணன் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்ல. ஆனா செஞ்சது அதேதான். முதல் நாள் தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. கம்பத்துல டீ குடிக்கும்போது சொன்னார்: "தம்பி, உங்களுக்கு மூணு விசயம்தான். முன்னாடி வண்டிய ஒட்டிப் போறீங்க. வளைவுக்குள்ள போயித்தான் பிரேக் போடுறீங்க. பானட்டுக்கு முன்னாடி பத்தடிதான் பாக்குறீங்க."

ரெண்டாவது நாள், சின்னமனூர் தாண்டி, பார்க்கிறதை எல்லாம் சத்தமா சொல்லிக்கிட்டே ஓட்டச் சொன்னார். "முன்னாடி டிராக்டர், வாழைத்தார் லோடு, பின்னாடி லைட் இல்ல. இடது பக்கம் பஸ் ஸ்டாப், ஆள் இறங்குறாங்க, ஒருத்தர் குறுக்கே வரலாம்." பிரிட்டிஷ் போலீஸும் இதே முறையைத்தான் பயன்படுத்துறாங்க, கமென்ட்ரின்னு பேரு. ரெண்டு கிலோமீட்டருக்குள்ள எனக்கே தெரிஞ்சுது: வாய் சொல்லாத விஷயத்தை கண்ணு பார்க்கவே இல்ல. முன்னாடி வண்டிக்கும் நமக்கும் ரெண்டு செகண்ட் இடைவெளின்னா 60 கிலோமீட்டர் வேகத்துல அது 33 மீட்டர். நான் விட்டிருந்தது அதுல பாதி கூட இல்ல.

மூணாவது நாள் மலை. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறை, கியரைப் போடு, அப்புறம் திருப்பு. கொண்டை ஊசிக்கு முன்னாடி மேல் ரோட்டையும் கீழ் ரோட்டையும் எட்டிப் பாரு. பஸ் வருதுன்னா வளைவுக்கு வெளியவே நில்லு, பஸ் திரும்ப முழு அகலமும் வேணும். ரோடு குறுகலா இருந்தா ஏறி வர்ற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும். இது மரியாதைக்காகச் சொல்றது இல்ல. 2017-ம் வருஷ மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலேயே இருக்கு. மூடுபனியில ஹை பீம் போடாதே, வெள்ளைச் சுவர் மாதிரி திரும்ப அடிக்கும்; லோ பீம் போதும். ஆடிக் காத்துல கம்பம் பள்ளத்தாக்குல வேனை ரெண்டு கையாலயும் பிடி, லாரியைத் தாண்டினதும் காத்து பக்கவாட்டுல தள்ளும்.

எந்தப் பயிற்சி வேலை செய்யாது

இதையும் நேர்மையா சொல்லணும். லைசென்ஸ் வாங்கினவங்களுக்குக் கொடுக்கிற கூடுதல் பயிற்சி பத்தின இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. விபத்து குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்லைங்கிறதுதான் முடிவு. நார்வேயில வழுக்கும் ரோட்டுல வண்டியைக் கட்டுப்படுத்தக் கட்டாயப் பயிற்சி கொடுத்தப்போ, இளைஞர்கள் வழுக்கும் ரோட்டுல விபத்துக்குள்ளானது கூடிப்போச்சு. "வழுக்கினாலும் சமாளிச்சுடுவேன்"ங்கிற தைரியம் வந்துடுச்சு.

நானும் அதுல விழுந்தேன். மூணாவது நாள் சாயங்காலம் கொஞ்சம் வேகமா ஒரு வளைவு எடுத்துட்டு, "எப்படிண்ணே?"ன்னு சிரிச்சேன். அவர் சிரிக்கல. "நல்லா ஓட்டுறவனுக்கு இந்தத் தெறமை தேவையே வராது தம்பி. தேவ வந்துச்சுன்னா அதுக்கு முன்னாடியே தப்பு பண்ணிட்டான்னு அர்த்தம்"னார். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் இதை வச்சு அளந்து பாருங்க. வண்டியை அலற விடக் கத்துக் கொடுத்தா திரும்பி வந்துடுங்க. சீக்கிரமா பார்க்கவும், முன்கூட்டியே வேகம் குறைக்கவும் கத்துக் கொடுத்தா உட்காருங்க.

ஏன் இதை இப்போ சொல்றேன்

2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிட்டு இருந்த ஆண்டிபட்டி பக்கத்து ஐயப்ப பக்தர்களோட வாகனம் இதே குமுளி மலைப்பாதையில பள்ளத்துல விழுந்தது. 8 பேர் இறந்தாங்க. அந்த விபத்துக்கு நான் காரணம் சொல்லப் போறதில்ல. ஆனா அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம், கருகின வாசம் வந்த அந்த நாள் எனக்கு ஞாபகம் வரும்.

சீசன்ல கூட்டம் அதிகமானா போலீஸ் ஒருவழி பண்ணுவாங்க. கம்பம் மெட்டு வழியா ஏத்தி, குமுளி வழியா இறக்குவாங்க. அப்படின்னா இந்த இறக்கத்துல வர்ற ஒவ்வொரு டிரைவரும் தூக்கம் கெட்டு, வீட்டுக்குப் போற அவசரத்துல வர்றவர். அதிகாலை ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் உடம்பு தானா தூக்கத்துக்கு இழுக்கும், டீ அதை ஜெயிக்காது. குமுளியிலேயே வண்டியை நிறுத்தி, டிரைவரை ரெண்டு மணி நேரம் தூங்க விடுங்க. பின் சீட்டுல இருக்கிறவங்க அதைச் சொல்லலாம், சொல்லணும்.

கடைசியா வீட்டுப்பாடம். ஒண்ணு, உங்க வண்டியில பிரேக் ஆயில் எப்போ மாத்தினதுன்னு பாருங்க. ரெண்டு வருஷம் ஆச்சுன்னா மாத்துங்க. ரெண்டு, நாளைக்கு ஆபீஸ் போகும்போது ஒரு அஞ்சு நிமிஷம் சத்தமா கமென்ட்ரி சொல்லிட்டே ஓட்டுங்க. மூணு, உங்களைவிட நிதானமா ஓட்டுற ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வச்சு, "என் ஓட்டுதல்ல என்ன தப்பு?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, வாதாடாதீங்க. மலையில எப்பவாவது பிரேக் வாசம் வந்தா, கியரைக் குறைச்சு ஒதுக்கி நிறுத்தி, தானா ஆறவிடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் விரிசல் விடும்.

போன மாசம் மறுபடி குடும்பத்தோட தேக்கடி போய் வந்தோம். ரெண்டாவது கியர்ல, மெதுவா இறங்கினேன். பின்னாடி ஒருத்தர் விடாம ஹாரன் அடிச்சார். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழி விட்டேன். லோயர் கேம்ப் வந்து திரும்பிப் பார்த்தா, அத்தை நல்லா தூங்கிட்டு இருந்தாங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம். நிதானமா ஓட்டுங்க.