தலையின் அளவே முதல் எச்சரிக்கை: மூளையில் நீர் தேங்கும் நோயைக் காலத்தே கண்டால் காக்கலாம்

புது தில்லி: பச்சிளம் குழந்தையின் தலையை அளக்கத் தேவைப்படுவது தையற்காரரின் கழுத்தில் தொங்குவது போன்ற ஓர் அளவு நாடா மட்டுமே. அந்த அளவை மாதந்தோறும் குறித்து வந்தால், மூளையில் நீர் தேங்கும் "ஹைட்ரோசெஃபாலஸ்" நோயைப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கண்டறிய முடியும். ஆயினும், வட மாநிலக் கிராமங்களிலிருந்து தில்லி மருத்துவமனைகளுக்குத் தூக்கி வரப்படும் குழந்தைகளில் பலர், கழுத்து தாங்காத அளவுக்குத் தலை பெருத்த பின்னரே வந்து சேர்கின்றனர்.

சளி பிடித்துத் தலை பாரமாக இருப்பதை "நீர்க்கோவை" என்று கூறும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. இந்நோய் அதனினும் முற்றிலும் வேறானது.

மூளைக்குள் ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் உள்ளன. அவற்றில் சுரக்கும் தெளிந்த திரவம் மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி வந்து, பின்னர் ரத்தத்தில் கலக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் திரவம் சுரந்தாலும், எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மி.லி. மட்டுமே. வழி அடைபட்டாலோ, திரவம் உறிஞ்சப்படுவது குறைந்தாலோ அறைகள் வீங்கி, மூளைத் திசுக்களை நசுக்கத் தொடங்குகின்றன.

காரணங்கள்: பிறவிக் குறைபாடுகள், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூளையில் ஏற்படும் ரத்தக் கசிவு, கட்டிகள், மூளைக் காய்ச்சல் ஆகியவை முக்கியக் காரணங்கள். இந்தியாவில் மூளை உறையைத் தாக்கும் காசநோயும் இதற்குப் பெரிதும் காரணமாகிறது.

அறிகுறிகள்: நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு பிறக்கும்போது சுமார் 34 செ.மீ. இருக்கும். முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் 1 செ.மீ. என வளர்ந்து, ஓராண்டு முடிவில் 45 செ.மீ. அளவை எட்டும். வளர்ச்சி இதைவிட வேகமாக இருந்தாலோ, உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, தலையில் ரத்தக் குழாய்கள் தடித்துத் தெரிந்தாலோ, கருவிழிகள் அஸ்தமிக்கும் சூரியனைப்போல் கீழ்நோக்கித் தாழ்ந்தாலோ தாமதம் கூடாது. மண்டை ஓட்டு எலும்புகள் இணைந்துவிட்ட சிறுவர்களுக்குத் தலை பெருக்காது; காலை நேரத் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவையே அடையாளம்.

உச்சிக்குழி மூடாத குழந்தைகளுக்கு அதன் வழியே அல்ட்ரா சவுண்ட் பரிசோதனை செய்தாலே அறைகளின் வீக்கம் தெரிந்துவிடும். சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் நோயின் காரணத்தைக் காட்டுகின்றன.

இந்தியக் குழாய்: மூளை அறையிலிருந்து தோலுக்கு அடியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, மிகுதியான திரவத்தை வயிற்றுக்குள் வடியச் செய்யும் "ஷண்ட்" அறுவை சிகிச்சையே பரவலாகக் கையாளப்படுகிறது. இறக்குமதிக் குழாய்களின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த நிலையில், தில்லி எய்ம்ஸ் மருத்துவர் உபாத்யாயா, லக்னோ மருத்துவர் சாப்ரா ஆகியோரின் பெயர் தாங்கிய குழாய்கள் உள்நாட்டிலேயே உருவாயின. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா குழாயை, வெளிநாட்டுக் குழாயுடன் ஒப்பிட்டு உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தப்பட்டது. 2005-ல் வெளியான அதன் முடிவில், ஓராண்டுக்குப் பின் இரண்டின் பலனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அன்றைய விலையோ ஒன்றுக்கு 35 டாலர். மற்றதற்கு 650 டாலர்.

திரவம் செல்லும் வழியில் அடைப்பு உள்ள சிலருக்கு, எண்டோஸ்கோப் கருவி மூலம் மூன்றாவது அறையின் அடித்தளத்தில் துளையிட்டு மாற்று வழி அமைக்கப்படுகிறது. இதற்குக் குழாய் தேவையில்லை.

சிகிச்சையோடு முடிவதில்லை: குழாய் பொருத்தியதோடு கவலை தீர்ந்தது என்று பெற்றோர் கருதுவதுதான் ஆபத்து. குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் குழாய்களில் பத்துக்கு மூன்று, நான்கு வீதம் முதல் ஆண்டிலேயே அடைபடவோ, கிருமித் தொற்றுக்கு உள்ளாகவோ கூடும். மீண்டும் வாந்தி, அளவற்ற உறக்கம், காய்ச்சல், உச்சிக்குழிப் புடைப்பு தோன்றினால் அது அவசரநிலை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்து திரும்பும் குடும்பத்துக்கு, மருத்துவமனையைவிட்டுச் செல்லும் முன்பே இதைத் தெளிவாக விளக்குவது அறுவை சிகிச்சைக்கு நிகரான பணி.

முதியோருக்கும் உண்டு: தடுமாறும் நடை, சிறுநீரை அடக்க இயலாமை, மறதி ஆகிய மூன்றும் சேர்ந்து முதியவர்களிடம் தோன்றினால், மூப்பின் இயல்பு என ஒதுக்கக் கூடாது. கொலம்பிய மருத்துவர் சாலமன் ஹக்கீம் 1965-ல் விவரித்த இவ்வகை நோயில், குழாய் பொருத்திய பின் பலருக்கு நடை சீரடைகிறது.

தடுக்கும் வழி: முதுகுத் தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு இந்நோயும் சேர்ந்து வருகிறது. கருவின் முதல் நான்கு வாரங்களிலேயே உருவாகும் அக்குறையைப் பெருமளவு தடுக்க, கருத்தரிக்கும் முன்பிருந்தே பெண்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும். கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடக்கூடும்.

2013-ல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறவிக் குறைபாடுகளைக் கண்டறியக் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். 2018 முதல் செயல்படும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் ஷண்ட் அறுவை சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. மலிவான குழாயும் மருத்துவமும் நாட்டில் இருக்கின்றன. தடுப்பூசிக்குக் குழந்தையை எடுத்து வரும் நாளில் எடையோடு தலையையும் அளந்து குறிக்கும் வழக்கம் எல்லாக் கிராமங்களிலும் வேரூன்றினால், பல குழந்தைகளின் பார்வையும் அறிவும் உயிரும் காக்கப்படும்.